காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுப்பு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வயல்களுக்கு அடியில் கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் இருக்கின்றன. அவற்றுக்கு மேலுள்ள மணல் அடுக்குகளில்தான் அந்த ஊர்களின் குடிநீரும் பம்புசெட் நீரும் கிடக்கின்றன. ஒன்றை எடுக்கும்போது மற்றொன்று கெடுமா என்பதே காவிரி டெல்டாவின் எரிவாயுச் சிக்கல்.

இப்பகுதியில் எண்ணெய் தேடும் பணி 1950களின் இறுதியில் தொடங்கியது. நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் ஆகியவை பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய், எரிவாயு வயல்களாயின. நரிமணத்தை அடுத்த பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் எரிவாயு மின்நிலையங்கள் அமைந்தன. சம்பா வயலின் நடுவே கிராவல் கொட்டி உயர்த்திய மேடை, கம்பிவேலி, அதற்குள் வால்வுகள் அடுக்கிய குழாய்த்தலை, அங்கங்கே எரிந்துகொண்டிருக்கும் வாயுச் சுடர் என்று டெல்டாக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. பல பத்தாண்டுகள் பெரிய எதிர்ப்பில்லாமல்தான் இப்பணி நடந்தது.

நிலைமையை மாற்றியது மீத்தேன் திட்டம். மன்னார்குடி வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவத்திலிருந்து மீத்தேன் எடுக்க, கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் மத்திய அரசு 2010இல் ஒப்பந்தம் செய்தது. தமிழ்நாடு அரசின் புரிந்துணர்வு ஒப்பந்தம் 2011 ஜனவரியில் கையெழுத்தானது. வழக்கமான எண்ணெய்க் கிணற்றுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. எண்ணெய்க் கிணறு நன்னீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டு ஆயிரம் மீட்டருக்கும் கீழே போகிறது. இரும்பு உறையும் சிமெண்டும் உறுதியாக இருக்கும்வரை மேல்நீருக்குத் தீங்கு குறைவு. நிலக்கரியிலோ வாயு நீரின் அழுத்தத்தால் கரியோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த நீரை மாதக்கணக்கில் இறைத்து வெளியேற்றினால்தான் வாயு பிரியும். வெளியேறும் நீர் பெரும்பாலும் உவர்நீர். வாய்க்காலில் விட்டால் பயிர் கருகும். நீர்மட்டம் இறங்கினால், ஏற்கெனவே கடல்நீர் ஏறிவரும் கடைமடையில் உவர்ப்பு இன்னும் உள்ளே வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலக்கரி வாயுக் கிணறுகளால் விவசாயிகளின் ஆழ்துளைக் கிணறு பாதிக்கப்பட்டால், நிறுவனமே அதை ஈடுசெய்ய வேண்டுமெனச் சட்டம் இருக்கிறது. ஆகவே டெல்டா விவசாயிகளின் அச்சத்தை வெறும் புரளி என்று தள்ளிவிட முடியாது.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இத்திட்டத்துக்கு எதிராகப் பேசினார். அந்தப் பரப்புரையின்போதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அதே ஆண்டு மாநில அரசு வல்லுநர் குழு அமைத்தது. 2015 அக்டோபரில் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

அடுத்த எதிர்ப்பு டெல்டாவின் தென்விளிம்பில், ஆழ்துளைக் கிணற்றை நம்பிச் சாகுபடி நடக்கும் புதுக்கோட்டை மாவட்ட நெடுவாசலில் எழுந்தது. சிறு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான ஏலத்தில் அந்த ஊரின் வயல் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனதை மத்திய அமைச்சரவை 2017 பிப்ரவரியில் ஏற்றதும் மக்கள் போராட்டத்தில் இறங்கினர். அவ்வாண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்தது. திரண்ட மக்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் கைதாயினர்.

எண்ணெய் வளம் மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. வேளாண்மையும் நீரும் மாநிலத்தினுடையவை. மத்திய, மாநில அரசுகளின் சட்டப் போட்டிக்கு வேர் இதுதான். 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லாதபடி சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் மீத்தேன், ஷேல் உள்ளிட்ட எந்த வாயுவுக்கும் எண்ணெய்க்கும் புதிய ஆய்வு, துளையிடல், எடுப்பு ஆகியவற்றை அது தடுக்கிறது. உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் தடை செய்கிறது. ஆனால் நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் விடுபட்டன. பழைய கிணறுகளைப் பராமரிப்பது எங்கே முடிகிறது, புதிய துளையிடல் எங்கே தொடங்குகிறது என்ற தகராறு, நடந்துகொண்டிருந்த பணிகளைச் சட்டம் தொடாததால் அவ்வப்போது கிளம்புகிறது.

சட்டம் வந்த பிறகும் 2023 மார்ச்சில் மத்திய நிலக்கரி அமைச்சகம் டெல்டா வட்டாரத்தின் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் மூன்றும் நீக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயரும் அவ்வாண்டே சட்டத் திருத்தத்தின் வழியே மண்டலத்தில் சேர்ந்தது.