குமாஸ்தா எறிந்த அம்பு

போன வருஷம் ஆறு மாதம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் இருந்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். குளிரைப் பற்றியும் ரசத்துக்குப் புளி கிடைக்காமல் அலைந்ததைப் பற்றியும் போதுமான அளவு புலம்பியாகிவிட்டது. இந்தத் தடவை அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டைப் பற்றி. எழுபது வயதில் விளையாட்டா என்று கேட்காதீர்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு என்னைவிட நாலு வயது கூட.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் நிறுத்தும் கொட்டகையில் கார் இல்லை. சுவரில் ஒரு டார்ட்ஸ் போர்டு இருந்தது. வட்டமான பலகை, 20 துண்டங்கள், 20 எண்கள். சின்ன அம்பு மூன்றை எறிய வேண்டும். போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம். எறிகிறவர் நிற்கும் கோடு போர்டிலிருந்து 7 அடி 9¼ அங்குலம். அந்தக் கோட்டுக்கு 'ஓக்கி' என்று பெயர். அந்தக் கால் அங்குலம் எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்ததோடு சரி.

ஆட்டம் தலைகீழாக நடக்கும். 501-ல் ஆரம்பித்து, அடித்ததைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அந்தக் கடைசி அம்பு போர்டின் விளிம்பில் இருக்கும் இரட்டை வளையத்தில் விழ வேண்டும் (நடுப்புள்ளியான 50-ம் இரட்டையாகவே கணக்கு). அந்த வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். நம் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதிகூட இல்லை.

முதல் வாரம் என் அம்புகள் போர்டில் பட்டதைவிடச் சுவரில் பட்டது அதிகம். ஆனால் கழித்தல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. 34 வருஷம் கோர்ட்டில் டெபாசிட் கணக்கும் ஸ்டாம்புக் கணக்கும் பார்த்தவன். 501-ல் 85 போனால் 416 என்று அவர் விரல் விடுவதற்குள் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் பப்புக்கு அழைத்துப் போய் என் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார். நான் ஆரஞ்சு ஜூஸோடு கரும்பலகை ஓரம் நின்றேன். புதிதாக வருகிறவன் முதலில் கணக்கு எழுத வேண்டும், எழுதி எழுதியே ஆட்டம் பிடிபடும் என்பது அங்கே பழைய வழக்கமாம்.

எழுதும்போதுதான் அந்த எண்களின் வரிசை உறைத்தது. உச்சியில் 20. அதற்கு ஒரு பக்கம் 1, மறு பக்கம் 5. கீழே 19, அதற்கு இரண்டு பக்கமும் 3-ம் 7-ம். பெரிய எண்ணுக்குப் பக்கத்திலெல்லாம் சின்ன எண்ணைக் காவல் வைத்தது போல இருக்கிறது. ஆசைப்பட்டு 20-க்கு எறிந்து கை கொஞ்சம் பிசகினால் 1 கிடைக்கும். கற்றுக்குட்டி 20 பக்கமே போகக் கூடாது, இடது பக்கம் எறி, அங்கே 14, 11, 8, 16 என்று ஓரளவு நல்ல எண்களாக அடுத்தடுத்து இருக்கின்றன என்றார் பஸ்காரர். மகள் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினாள்: 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் புள்ளியியல்காரர்கள் இதையே கணக்குப் போட்டு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கை உறுதியாக உள்ளவன் 20-ன் மும்மடங்கு வளையத்தைக் குறி வைக்கலாம். கை ஆட ஆட, குறி கீழே 19 பக்கமாக நகர்ந்து, கடைசியில் நடுப்புள்ளிக்குச் சற்று இடது பக்கம் வந்து நிற்க வேண்டும். ஏறக்குறைய பஸ்காரர் சொன்னதுதான்.

இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் யார்? லங்காஷயரில் பரி என்ற ஊர்த் தச்சர் பிரையன் காம்லின், 1896-ல் செய்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். டார்ட்ஸின் சமூக வரலாற்றையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பேட்ரிக் சாப்ளின் என்பவர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஆள் இதைச் செய்ததற்குச் சான்றே இல்லை என்றுவிட்டார். கட்டு இல்லாத வழக்கு.

எனக்கு மிகவும் பிடித்த கதையும் அந்த வகைதான். அது நான் இருந்த அதே லீட்ஸ் நகரத்துக் கதை.

அந்தக் காலத்தில் மதுக்கூடத்தில் அதிர்ஷ்ட ஆட்டம் நடத்துவது குற்றம். 1908-ல் அடெல்ஃபி என்ற பப்பில் டார்ட்ஸ் ஆடவிட்டதற்காக வழக்குப் போட்டார்களாம். லீட்ஸ் மாஜிஸ்திரேட் கோர்ட். 'ஃபுட்' அனக்கின் என்று ஒருவர். பாதம் பெரிது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அவர் கோர்ட்டுக்குள்ளேயே போர்டை மாட்டச் சொல்லி மூன்று அம்பு எறிந்தார். மூன்றும் 20-ல் விழுந்தன. "இது அதிர்ஷ்டம் என்றால் வேறு யாராவது செய்து காட்டட்டும்" என்றதும், கோர்ட் குமாஸ்தா ஒருவரை எறியச் சொன்னார்கள். அவர் எறிந்தார்; தவறவிட்டார். அனக்கின் மறுபடி எறிந்து, கேட்ட இடத்தில் குத்திக் காட்டினார். இது திறமை ஆட்டம்தான் என்று மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளிவிட்டார்.

என் இனத்துக் குமாஸ்தா ஊரறியத் தோற்று ஒரு பப்பைக் காப்பாற்றியிருக்கிறார். என்னால் அவரை மறக்க முடியவில்லை.

ஆனால் சிரஸ்தார் புத்தி சும்மா இருக்குமா? ஒரு பாடத்தில் அனக்கினே பப்பின் உரிமையாளர். இன்னொன்றில் உரிமையாளர் வேறு ஒருவர், அனக்கின் அவர் அழைத்து வந்த ஆட்டக்காரர். எதிரி யார், சாட்சி யார் என்பதே தெளிவில்லாத வழக்கை நான் கோப்பில் ஏற்றியிருக்க மாட்டேன். ஆகவே கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடெல்ஃபி என்ற பப் மட்டும் இன்றும் ஹன்ஸ்லெட் சாலையில் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. வீட்டில்கூட அதிகம் பேசாத விஷயம்.

நான் வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஊரில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடிக்கொண்டிருந்த ஏழு பேரைப் போலீஸ் பிடித்தது. அதில் ஒருவர் என் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன். சான்றுப் பொருள்கள்: இரண்டு சீட்டுக்கட்டு, ரொக்கம் 86 ரூபாய், ஒரு ஜமுக்காளம். அவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது நான். அந்த ஜமுக்காளத்தில் நானும் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

சட்டம் அப்போதே தெளிவாகத்தான் இருந்தது. 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமே வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களை விலக்கி வைத்திருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான், விழுந்த சீட்டை நினைவு வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், அது மூணு சீட்டு மாதிரி அல்ல என்று 1967-லேயே ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (கிண்டி குதிரைப் பந்தயத்துக்கு அந்தப் பேறு கிடைக்க 1996 வரை ஆயிற்று.) வக்கீல் அந்தத் தீர்ப்பைக் காட்டினார், ஏழு பேரும் விடுதலை. ஆனால் அதற்குள் இரண்டு வருஷம், எத்தனையோ வாய்தா. சூதாடிப் பிடிபட்டவர் என்ற பேச்சு தீர்ப்புக்கு முன்பே தெருவுக்குப் போய்விட்டது. அண்ணன் அதற்குப் பிறகு சீட்டைத் தொடவில்லை. கோயில் குளத்துப் படிக்கட்டில் நாங்கள் உட்காரும் இடத்துக்கும் வரவில்லை. ஜமுக்காளத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எழுவரில் யாருமே வரவில்லை.

அவருக்கு ஒரு போர்டும் மூன்று அம்பும் கிடைத்திருக்கலாம். ரம்மியில் திறமையைக் கோர்ட்டில் எப்படிக் காட்டுவது?

இங்கிலாந்தில் டார்ட்ஸ் அத்தோடு தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதைத் தொழிலாளர்கள் ஆடினார்கள், குடிக்கிற இடத்தில் ஆடினார்கள். பெரிய மனிதர்களுக்கு அது போதும். 1939-ல்கூடக் கிளாஸ்கோ நகரத்தில் மதுக்கூடங்களில் டார்ட்ஸைத் தடை செய்தார்கள். அதே 1939-ல் லண்டனில் ஒரு பத்திரிகை நடத்திய போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க 14,000 பேருக்கு மேல் கூடினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1937-ல், ஆறாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் ஸ்லௌ என்ற ஊரில் ஒரு சமூகக் கூடத்துக்குப் போனபோது அம்பு எறிந்து பார்த்திருக்கிறார்கள். ராணி ராஜாவை முந்தினார். அதன் பிறகு பெண்கள் இந்த ஆட்டத்துக்குக் கூட்டமாக வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ராஜா ஆடினால் விளையாட்டு, பஸ்காரரின் அப்பா ஆடினால் கெட்ட பழக்கம்.

போர்டும் மாறியது. முன்பு எல்ம் என்ற மரத்தின் அடித்துண்டை அறுத்துச் செய்வார்கள். காய்ந்தால் வெடிக்கும் என்று ராத்திரியில் நீரில் ஊற வைப்பார்களாம். ஊறினால் ஓட்டைகளும் மூடிக்கொள்ளும். 1930-களில் நார் போர்டு வந்தது. நம் ரயில்பாதை ஓரம் வளருமே ரயில் கற்றாழை, அதன் இனமான சைசால் நாரை இறுக்கிக் கட்டி, வெட்டுமுகம் வெளியே தெரியும்படி செய்தது. அம்பைப் பிடுங்கினால் நார் தானாகச் சேர்ந்துகொள்ளும். 1978-ல் உலகப் போட்டி ஆரம்பித்தது. 2025 ஜனவரியில் லூக் லிட்லர் என்ற 17 வயதுப் பையன் உலக சாம்பியன். அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க யாருக்கும் தோன்றாது.

எனக்கு ஆட்டம் ஓரளவு வந்தது நாலாவது மாதத்தில். குறி பார்ப்பதைவிட, மூன்று அம்பையும் ஒரே மாதிரி விடுவதுதான் பாடம். முழங்கை உயர்ந்து நிற்க வேண்டும், உடம்பு ஆடக் கூடாது, வேகம் வேண்டாம். பஸ்காரர் கற்றுக்கொடுத்த பெரிய வித்தை 32. முடிக்கும்போது 32 மிஞ்சுமாறு பார்த்துக்கொள். இரட்டை 16 தவறி உள்ளே ஒற்றை 16-ல் விழுந்தால் மிச்சம் 16, அதற்கு இரட்டை 8. அதுவும் தவறி உள்ளே விழுந்தால் 8, பிறகு 4, பிறகு 2. பாதி பாதியாகக் குறைந்தாலும் முடிக்க வழி இருந்துகொண்டே இருக்கும். எனக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம். 32 ஒன்றென்றால் 2 வீசம். அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து பப்பில் 2 மிஞ்சும்போதெல்லாம் அவர் "வீஸம்!" என்று கத்த ஆரம்பித்தார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை சாக்பீஸை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு என்னை ஓக்கியில் நிறுத்தினார்கள். 32 வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு 16, 8, 4, 2, ஒன்றுவிடாமல் எல்லாம் உள்பக்கமே விழுந்தது. கடைசி அம்பு இரட்டை 1-க்கு. கம்பியைத் தொட்டுக்கொண்டு 20-ல் போய்க் குத்தியது. அனக்கின் கதையில் வரும் குமாஸ்தா எங்கே எறிந்தாரோ தெரியாது, பஸ்காரர் என் முதுகில் தட்டி, "கிளார்க்!" என்றார்.

ஒரு போர்டு வாங்கி வந்திருக்கிறேன். கூடத்துச் சுவரில் மாட்ட மருமகள் சம்மதிக்கவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. போன வாரம் அண்ணன் வந்திருந்தார், 81 வயது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குக் காசு வைக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். ஒரு அம்பைக் கையில் வாங்கிக்கொண்டார்.