எண்ணப்பட்ட விலங்குகளும் எண்ணப்படாத மனிதரும்
கிழக்காபிரிக்க சபாரிப் பயண அனுபவங்கள் - ஒரு வரலாற்று நோக்கு

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி, பல ஆண்டுகள் யானைகளையும் மரைகளையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரை இலங்கை வரலாறு கற்போர் அறிவர். இலங்கைக் காடுகளிற் பெற்ற வேட்டை அனுபவங்களை அவர் 1854ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே பேக்கர் 1861இல், பின்னாளில் தம் மனைவியான புளோரன்சுடன் ஆபிரிக்காவுக்குச் சென்று, அபிசீனிய எல்லையில் வாள்கொண்டு யானை வேட்டையாடும் ஹம்ரான் அரபுக்களுடன் திரிந்து, 1864இல் அல்பேட் ஏரியை அடைந்தார். நுவரெலியா மலைகளும் நைல் நதியின் கிளைகளும் அவருடைய எழுத்தில் ஒரே வேட்டைக்களத்தின் இரு பகுதிகளாகவே தோற்றமளிக்கின்றன. ஆபிரிக்க சபாரி என்று இன்று வழங்கும் பயண மரபு நமக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றன்று என்பதற்கு இதுவொன்றே சான்றாகும்.

இம்மரபிலே தோன்றிய பயண நூல்கள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை ஆபிரிக்காவைப் பற்றி ஒரே சித்திரத்தையே தருகின்றன. மனித வாடையற்ற பரந்த புல்வெளி, காலத்தாற் பாதிக்கப்படாத விலங்குக் கூட்டம், அவற்றின் முன் வியந்து நிற்கும் ஐரோப்பியப் பயணி என்பனவே அச்சித்திரத்தின் கூறுகள். இச்சித்திரம் எவ்வாறு உருவாயிற்று? அந்த வெறுமை இயற்கையின் கொடையா, வரலாற்றின் விளைவா? இவ்வினாக்களைக் கிழக்காபிரிக்காவை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பயணிகளின் நூல்களையே அவர்கள் எவற்றை எண்ணினர், எவற்றை எண்ணாது விட்டனர் என்ற கண்கொண்டு படித்தாற் போதுமானது.

‘சபாரி’ என்பது சுவாகிலி மொழியிற் பயணம் என்ற பொதுப்பொருளையே உடையது. அது அரபு மொழியின் ‘சபர்’ என்னும் சொல்லின் வழிவந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே பயணத்தைக் குறித்து வழங்கும் ‘சபர்’ என்ற சொல்லும் இதுவே. இந்து சமுத்திர வணிகத்தின் இரு கரைகளிலும் இச்சொல் பரவியிருந்தமை கவனிக்கத்தக்கது. சான்சிபார்த் தீவுக்கு எதிரேயுள்ள பகமோயோ போன்ற கரையோரப் பட்டினங்களிலிருந்து தந்தமும் அடிமைகளும் தேடி உள்நாடு சென்ற வணிகக் கூட்டங்களின் பயணமே 19ஆம் நூற்றாண்டில் முதன்மையான சபாரியாக விளங்கியது. நியாம்வேசி இனத்தவரான சுமைகாவிகள் ஏறத்தாழ 60, 70 இறாத்தல் எடையுள்ள பொதிகளைத் தோளிற் சுமந்து நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தனர். வழிகாட்டிகள், ஆயுதந் தாங்கிய காவலர், சமையற்காரர் என ஒழுங்கமைக்கப்பட்ட ஒரு சமூகமே நடந்து சென்றது எனலாம்.

‘புதிய நாடுகளைக் கண்டுபிடித்தோர்’ எனப் போற்றப்படும் பேட்டன், ஸ்பீக், ஸ்ரான்லி முதலியோர் சென்றவை பெரும்பாலும் இவ்வணிகர் ஏற்கெனவே அறிந்திருந்த வழிகளே. சிறுவயதில் அடிமையாக இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின் விடுதலை பெற்று ஆபிரிக்கா திரும்பிய சிடி முபாரக் பொம்பே என்பவர் ஸ்பீக், ஸ்ரான்லி, கமரன் ஆகியோரின் பயணங்களில் இடம்பெற்றுக் கண்டத்தைக் குறுக்கே கடந்தவர். 1873இல் இறந்த லிவிங்ஸ்ரனின் உடலை உள்நாட்டிலிருந்து கடற்கரைவரை சுமந்துவந்து சேர்த்தோர் சூசி, சூமா முதலிய ஆபிரிக்கத் தோழர்களே. பயணி தனித்துச் சென்றதாகக் கூறும் ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் இத்தகைய ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஐரோப்பியரின் வேட்டைப் பயணம் முதலில் வேரூன்றியது தென்னாபிரிக்காவிலாகும். 1836-37இல் உட்பகுதிக்குச் சென்ற கோண்வாலிஸ் ஹரிஸ், 1840களில் வேட்டையாடிய கோடன் கமிங் ஆகியோரின் நூல்கள் பிரித்தானிய வாசகர் மத்தியிற் பெருவரவேற்பைப் பெற்றன. கமிங் தாம் சேகரித்த கொம்புகளையும் தோல்களையும் லண்டனிற் காட்சிக்கு வைத்தார். இவ்வார்வத்தின் மறுபக்கம் துயரமானது. நீலமான் 1800ஆம் ஆண்டளவிலேயே அழிந்துவிட்டது. குவாகா என்ற வரிக்குதிரை இனத்தின் இறுதி உயிர் 1883இல் அம்ஸ்ரடாம் விலங்குக் காட்சிச்சாலையில் மடிந்தது. தெற்கில் விலங்குகள் அருகவே, வேட்டைக்காரரின் கவனம் கிழக்கு நோக்கித் திரும்பியது.

கிழக்காபிரிக்காவின் கதவைத் திறந்துவிட்டது புகையிரதமாகும். மொம்பாசாவில் 1896இல் ஆரம்பிக்கப்பட்ட உகண்டாப் புகையிரதப் பாதை 1899இல் நைரோபியையும் 1901இல் விக்டோரியா ஏரியையும் அடைந்தது. இதனை அமைக்க ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர் ஒப்பந்த அடிப்படையிற் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். நம் மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வெண்கள் வெறும் எண்களாகத் தோன்றமாட்டா.

இத்தொழிலாளருட் சிலர் 1898இல் சாவோ என்னுமிடத்தில் இரு சிங்கங்களுக்கு இரையாகினர். அச்சிங்கங்களைக் கொன்ற பொறியியலாளர் பற்றர்சன் 1907இல் எழுதிய நூல் சபாரி இலக்கியத்தின் புகழ்பெற்ற படைப்புகளுள் ஒன்றாகும். அந்நூலில் அவர் இருபத்தெட்டு இந்தியத் தொழிலாளர் உயிரிழந்ததாகக் கூறிவிட்டு, அவர்களைத் தவிர ஆபிரிக்கர் பலரும் இறந்தனரென்றும், அவர்களைப் பற்றி உத்தியோகபூர்வமான பதிவெதுவும் வைக்கப்படவில்லை என்றும் குறிப்பிடுகிறார். போகிற போக்கிற் கூறப்பட்ட இவ்வாக்கியமே வரலாற்று மாணவனைத் தடுத்து நிறுத்துகிறது. சிங்கங்களின் தோல்கள் விலைக்கு விற்கப்பட்டு இன்றும் சிக்காகோ அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுக்கு இரையான ஆபிரிக்கரின் தொகைகூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதிப் பதவியிலிருந்து விலகிய தியடோர் றூஸ்வெல்ற் 1909 ஏப்பிரலில் மொம்பாசாவில் இறங்கினார். சிமித்சோனியன் நிறுவனத்திற்கு விலங்கு மாதிரிகளைச் சேகரிப்பது பயணத்தின் அறிவியல் நோக்கமாகக் கூறப்பட்டது. புகையிரத எஞ்சினின் முன்புறத்தில் அமைக்கப்பட்ட ஆசனத்தில் அமர்ந்து இருபுறமும் விலங்குகளைக் கண்டு சென்ற அவர், அப்பயணத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பிளைஸ்ரோசீன் யுகத்தினூடான பயணமாக உருவகித்தார். 1910இல் வெளிவந்த அவரது நூலில், அவரும் அவர் மகன் கேர்மிற்றும் சுட்ட விலங்குகளின் பட்டியல் இனம் இனமாகத் தரப்பட்டுள்ளது. மொத்தம் 512. அவற்றுள் 17 சிங்கங்களும் 11 யானைகளும் 20 காண்டாமிருகங்களும் அடங்கும்.

துப்பாக்கி ஏந்தி உடன்சென்ற ஆபிரிக்கர் சிலரின் பெயர்களையும் அவர்களின் துணிவையும் றூஸ்வெல்ற் மனமுவந்து குறிப்பிடுவதை மறுப்பதற்கில்லை. எனினும் இருநூற்றுக்கும் மேற்பட்ட சுமைகாவிகள் அந்நூலில் ஒரு திரளாகவே வருகின்றனர். பன்றித்தோல் அட்டையிட்ட ஏறத்தாழ அறுபது நூல்களை அவர் தம்முடன் கொண்டுசென்றார். பெட்டியோடு அவற்றின் நிறை 60 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு சுமைகாவிக்குரிய பொதி என்று அவரே எழுதுகிறார். நூல்களின் பெயர்களை நாம் அறிவோம். அவற்றைச் சுமந்தவனின் பெயரை அறியோம்.

றூஸ்வெல்ற் கண்ட ‘பிளைஸ்ரோசீன்’ நிலத்தின் உண்மையான வயதென்ன? 1880களின் பிற்பகுதியில் ஆபிரிக்காவின் கொம்புப் பகுதியில் நுழைந்த ரின்டர்பெஸ்ற் எனும் மாட்டுக் கொள்ளைநோய், பத்தாண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனைவரை பரவியது. பல பிரதேசங்களிற் பத்தில் ஒன்பது பங்கு மாடுகள் இறந்தன. மாட்டையே வாழ்வாகக் கொண்ட மாசாய் மக்களைப் பஞ்சமும் பெரியம்மையும் தொடர்ந்து தாக்கின. 1892இல் ங்கோரோங்கோரோப் பள்ளத்தாக்கினூடாகச் சென்ற ஒஸ்திரியப் பயணி ஒஸ்கார் பவ்மான், எலும்பும் தோலுமாகத் தம் பாளையத்தை நாடிவந்த மாசாய் மக்களைக் கண்டு எழுதியுள்ளார். மாசாய் இனத்தில் மூன்றில் இரு பங்கினர் மாண்டிருக்கலாமென்பது அவர் மதிப்பீடு. மேய்ச்சல் குன்றிய நிலங்களிற் பற்றைக்காடு வளர்ந்தது. அக்காட்டோடு உறக்கநோயைப் பரப்பும் செற்சி ஈயும் பரவியது. எஞ்சியோரைப் பிரித்தானிய அரசு 1904ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின் மூலம் இரு ஒதுக்கங்களுள் அடைத்தது. 1911ஆம் ஆண்டின் இரண்டாம் ஒப்பந்தம் லைக்கிப்பியாவில் இருந்தோரையும் தெற்கே பெயர்த்தது. இதனை எதிர்த்து மாசாய் மக்கள் 1913இல் நீதிமன்றம் சென்றனர். வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆகவே, பயணிகள் ஆதிகால வெறுமையெனக் கண்டது ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால வெறுமையே எனல் மிகையாகாது.

வேட்டையின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய காலனித்துவ வல்லரசுகள் 1900ஆம் ஆண்டு லண்டனிற் கூடி ஆபிரிக்க விலங்குகளைப் பாதுகாக்கும் உடன்படிக்கையொன்றைச் செய்தன. அனுமதிப்பத்திர முறை வலுப்பெற்றது. பணமுள்ள பயணி அனுமதிப்பத்திரம் பெற்று யானையைச் சுட்டால் அவன் விளையாட்டு வீரன். வில்லும் பொறியுங்கொண்டு பரம்பரையாக இறைச்சி தேடியவன் கள்ளவேட்டைக்காரன். விலங்கைக் காக்க எழுந்த சட்டம் மனிதரை இருவகையாகப் பிரித்தது.

இதே காலத்தில் துப்பாக்கியின் இடத்தை நிழற்படக் கருவி மெல்லப் பிடிக்கலாயிற்று. இரவில் மின்னொளி பாய்ச்சி விலங்குகளைப் படமெடுத்த ஜேர்மானியர் ஷில்லிங்ஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். மோட்டார் வண்டி வந்தபின் சுமைகாவிகளின் நெடுவரிசை மறைந்தது. 1933-34இல் சென்ற எர்னஸ்ற் ஹெமிங்வே, வயிற்றுளைவு நோய் கண்டு விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மாதக்கணக்கான நடைப்பயணம் வாரக்கணக்கான விடுமுறையாகச் சுருங்கியது. பயணிக்கும் நாட்டு மக்களுக்கும் இடையில் அதுவரை இருந்த தவிர்க்க முடியாத நெருக்கமும் அதனோடு சுருங்கியது.

இரண்டாம் உலகப் போரின் பின் தேசியப் பூங்காக்கள் தோன்றின. நைரோபிப் பூங்கா 1946இலும் சாவோ 1948இலும் செரெங்கெற்றி 1951இலும் நிறுவப்பட்டன. ஜேர்மானிய விலங்கியலாளர் பேண்ஹாட் கிறிசிமெக்கும் அவர் மகன் மிக்கேலும் சிறு விமானத்திற் பறந்து செரெங்கெற்றி விலங்குகளைக் கணக்கிட்டு 366,980 என்ற தொகையை வெளியிட்டனர். 1959 ஜனவரியில் விமான விபத்தில் மகன் உயிரிழந்தான். அவர்களது நூலும் திரைப்படமும் உலக மக்களின் உள்ளத்தைத் தொட்டன. அதே 1959இல் செரெங்கெற்றிப் பூங்காவினுள் வாழ்ந்த மாசாய் மக்கள் தம் மேய்ச்சல் நிலங்களை விட்டு ங்கோரோங்கோரோவுக்குப் பெயர்க்கப்பட்டனர்.

பூங்காக்கள் இல்லையேல் இவ்விலங்குகள் எஞ்சியிரா என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. சுதந்திரத்தின் பின் ஆபிரிக்க அரசுகளே அவற்றைப் பேணின. 1961இல் ஜூலியஸ் நைரேரே வனவிலங்குகளைக் காப்பதைத் தம் நாட்டின் கடமையாக அறிவித்தார். கென்யா 1977இல் வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. ஆனால் விலங்குகளின் வாழ்வு மனிதரின் அகற்றலை மட்டுமே நம்பியிருந்ததா என்பது வேறு வினா. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த செரெங்கெற்றியின் வில்டபீஸ்ற் மான்கள் 1970களின் இறுதியிற் பதின்மூன்று இலட்சமளவுக்குப் பெருகின. சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டு ரின்டர்பெஸ்ற் ஒழிந்தமையே இதற்கு முதன்மைக் காரணமாகும். பயணிகள் இன்று ஆதிகாலக் காட்சியெனக் கண்டு வியக்கும் அப்பெரும் இடப்பெயர்ச்சி, அதன் இன்றைய அளவிற் பூங்காவினும் இளமையானது. மாடு மேய்ப்போரின் தொழுவத்தில் ஏற்றப்பட்ட ஊசியும் அதற்கொரு காரணம்.

இக்கதை முடிந்துவிடவில்லை. 2022 ஜூனில் தான்சானியாவின் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்தை வனவிலங்குகளுக்கென ஒதுக்க எல்லைக்கற்கள் நாட்டப்பட்டபோது மாசாய் மக்களுக்கும் பாதுகாப்புப் படையினருக்குமிடையே மோதல் ஏற்பட்டது. 1959இற் பெயர்க்கப்பட்டோரின் வழிவந்தோர் வாழும் ங்கோரோங்கோரோவிலிருந்தும் அதே ஆண்டிற் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்படலாயின. 1983இல் மாதுரு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம் வேட்டைக் காடுகளை இழந்த வேடர் சமூகத்தை நினைக்கும்போது, இது ஆபிரிக்காவுக்கு மட்டுமுரிய பிரச்சினையன்று என்பது புலனாகும்.

1901இல் ஜேர்மனியில் வெளியிடப்பட்ட சுவாகிலிப் பயண நூற்றொகுதி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. கரையோர சுவாகிலி மக்கள் தாமே கூறிய சபாரிகள் அதில் உள்ளன. அவர்களுள் ஒருவரான சலிம் பின் அபகாரி 1896இல் ஒரு ஜேர்மானியருடன் ருஷ்யாவுக்கும் சைபீரியாவுக்கும் சென்ற தம் பயணத்தையும் சபாரி என்றே கூறுகிறார். அங்கு பார்ப்பவன் ஆபிரிக்கன், பார்க்கப்படுவது ஐரோப்பியரின் நாடு. சபாரி என்ற சொல் தன் சொந்தக்காரரின் வாயில் எத்துணை விரிந்த பொருளுடையதாக இருந்தது என்பதை இது உணர்த்துகின்றது. சபாரி நூல்களை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பட்டியலிடப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கையைப் படிக்கும்போது, அப்பட்டியல் எழுதப்பட்ட தாளைச் சுமந்து நடந்தவர் யார் என்றும், அந்நிலத்தில் நேற்றுவரை மாடு மேய்த்தவர் எங்கே என்றும் கேட்கப் பழகினால், அந்நூல்களே நமக்கு நல்ல வரலாற்று மூலங்களாக அமையும்.