உப்பில் மூலக்கூறு உண்டா?

1927-ஆம் ஆண்டு, 'நேச்சர்' இதழுக்கு ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர் சினம் ததும்பும் கடிதம் ஒன்றை எழுதினார். அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சாதாரண உப்புக்காகப் பரிதாபப்படுவதாக அமைந்தது அதன் தலைப்பு. உப்புப் படிகத்துள் சோடியம் குளோரைடு என்ற தனி மூலக்கூறு எதுவும் இல்லை, இருவகை அணுக்களும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல் மாறிமாறி அமர்ந்திருக்கின்றன என்று லாரன்ஸ் பிராக் சொல்லிவந்ததே அவரது சினத்துக்குக் காரணம். பொதுப்புத்திக்கே இது இழுக்கு என்று கருதினார் கிழவர். அவரை நகைத்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அக்கடிதத்தின் பின்னால் ஒரு நூற்றாண்டுக் குழப்பம் நிற்கிறது.

உலோகமும் அலோகமும் ஏன் சேர்கின்றன என்ற கேள்விக்கு மின்சாரமே விடை என்ற ஐயம் ஹம்ப்ரி டேவிக்கு முன்பே இருந்தது. 1807-இல் பொட்டாஷில் மின்னோட்டம் செலுத்திப் பொட்டாசியத்தையும், சில நாள்களில் எரிசோடாவிலிருந்து சோடியத்தையும் அவர் பிரித்தெடுத்தார். மின்சாரம் பிரிக்கிறதென்றால், சேர்த்து வைத்திருந்ததும் அதுதானே? சுவீடனின் பெர்சீலியஸ் இதைக் கோட்பாடாகவே விரித்தார். கரைசலில் மின்வாய்களை நோக்கிச் செல்லும் துகள்களுக்கு 1834-இல் ஃபாரடே 'அயன்' என்று பெயரிட்டார். 'செல்வது' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல் அது. ஈழத்துப் பாடநூல்கள் அதை அயன் என்றே வைத்துக்கொண்டன, தமிழ்நாட்டில் அயனி ஆயிற்று.

மின்னோட்டமே அயனிகளைப் பிறப்பிக்கிறது என்று ஃபாரடே எண்ணினார். இல்லை, நீரில் கரைந்த கணமே உப்பு அயனிகளாகிவிடுகிறது என்றார் அரீனியஸ். 1884-இல் உப்சாலாவில் அவர் அளித்த ஆய்வேட்டுக்குக் கிடைத்தது தாழ்ந்த தரமே. ஓஸ்ட்வால்ட் ரீகாவிலிருந்து தேடி வந்து அவரைச் சந்திராவிட்டால் அந்த இளைஞரின் கதி என்னவாகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். 1887-இல் கோட்பாடு முழு வடிவம் பெற்றது. 1903-இல் நோபல் பரிசு வந்தது. எதிர்த்தோர் கேட்ட கேள்வியும் அற்பமானதன்று. நீரில் இட்டால் சீறி எரியும் சோடியமும், மூச்சை அடைக்கும் குளோரினும் ஒரு குவளை உப்புநீரில் எப்படி அமைதியாக இருக்கின்றன? மின்னூட்டம் பெற்ற அணு வேறு, பெறாத அணு வேறு என்பதே விடை. ஆர்ம்ஸ்ட்ராங் இதையும் ஏற்கவில்லை. அவர் அன்றிலிருந்தே எதிர்க்கட்சிதான்.

1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பின்னரே அந்த வேறுபாட்டுக்கு உருவம் கிடைத்தது. 1916-இல், ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியில் வால்தர் காசல் எழுதினார்: சோடியம் தன் வெளிவட்ட எலக்ட்ரான் ஒன்றை இழந்து நியானைப் போலவும், குளோரின் அதைப் பெற்று ஆர்கானைப் போலவும் நிலைகொள்கின்றன, பிறகு எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துக்கொள்கின்றன. பள்ளியில் நாம் படித்த படம் இதுவே. சோடியம் மகிழ்ந்து கொடுப்பதாகவும் குளோரின் நன்றியோடு பெறுவதாகவும் அப்படத்துக்கு உரை எழுதும் வழக்கம் நமக்கு உவப்பில்லை, ஏனெனில் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அதை ஏற்கையில் திரும்புவது 349 மட்டுமே. கொடுக்கல் வாங்கல் மட்டும் நடந்து அயனிகள் விலகியே நின்றால் 147 கிலோஜூல் நட்டம். நட்டத்தை ஈடுகட்டுவது அதற்குப் பின் வரும் ஈர்ப்பு. அயனிகள் திரண்டு படிகமாகும்போது ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. 1919-இல் பார்னும் ஹேபரும் வகுத்த சுழற்சி இந்த வரவுசெலவைத் தெளிவாக்கியது.

இங்கேதான் பிராக் வருகிறார். 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவர் உப்பின் அமைப்பை வாசித்தபோது, ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்களும், ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியங்களும் சமதூரத்தில் சூழ்ந்திருந்தன. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் துணை? கேள்விக்கே பொருளில்லை. நாம் எழுதும் வாய்பாடு எண்ணிக்கையின் விகிதத்தைச் சொல்கிறதேயன்றி இணையரைச் சுட்டவில்லை. 1937-இல் மறையும்வரை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இது செரிக்கவேயில்லை.

ஒன்றை மட்டும் அவர் பக்கம் வைக்கலாம். 801 பாகை செல்சியசில் உப்பு உருகுகிறது. 1,400 பாகையையும் தாண்டிச் சூடேற்றினால் ஆவியாகிறது. அந்த ஆவியில் ஒரு சோடியமும் ஒரு குளோரினுமாக, அவர் தேடிய மூலக்கூறு உண்மையாகவே திரிகிறது.