பிணையாக நின்ற குழு: பெங்களூருவும் சிறுகடனும்

தமிழில் ‘பிணை’ என்பது கட்டையும் குறிக்கும். ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பையும் குறிக்கும். ஈடு வைக்க நிலமோ நகையோ இல்லாத சிறுவணிகருக்குக் குழுவையே பிணையாக ஏற்றதுதான் சிறுகடனின் அடிப்படை. அக்குழுவை யார் அமைத்தார்கள் என்பதில் பெங்களூருவிலிருந்து இரு வேறு மரபுகள் கிளைத்தன.

முதலாவது மைராடாவுடையது. 1968இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், முதலில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தும் பணியில் ஈடுபட்டது. பின்னர்க் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தது. 1980களின் நடுவில் அச்சங்கங்களுட் பல உடைந்தன. ஒருவரையொருவர் நம்பிய உறுப்பினர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தாமே சேமித்து, அச்சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்துக்கொண்டனர். யாருக்கு, எதற்கு, என்ன வட்டிக்கு என்பதைக் குழுவே முடிவு செய்தது. ‘கடன் மேலாண்மைக் குழு’ என வழங்கிய இவற்றுக்குச் ‘சுயஉதவிக் குழு’ என்னும் பெயர் பின்னரே நிலைத்தது. 1987இல் நபார்டு இம்முயற்சிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. 1992இல் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. வங்கி தனிநபருக்கன்றிக் குழுவுக்கே கடன் தந்தது.

இரண்டாவது மரபு வங்கதேசத்தின் கிராமீன் வங்கியை முன்மாதிரியாகக் கொண்டது. 1999இல் பெங்களூருவை அடுத்த ஆவலஹள்ளியில் கிராமீன் கூட்டா தொடங்கியது. 2005இல் நகர்ப்புற ஏழைகளை நோக்கி உஜ்ஜீவன் வந்தது. இங்கே கடன் தனிநபருக்கு, பொறுப்பு கூட்டாக. தொகை, வட்டி, தவணை நாள் அனைத்தையும் கடன் தருபவரே வகுத்தார். தையற்காரரும் பூ விற்பவரும் வங்கிப் படி ஏறாமலே கடன் பெற்றது இதன் மறுக்கவியலாத பயன். ஆயினும் ஒரே பெண் பல நிறுவனங்களில் கடன் பெறும் நிலையும் இதனோடு வளர்ந்தது.

2009இல் கோலார், ராமநகரம் போன்ற பட்டுத்தொழில் ஊர்களில் அதன் விளைவு வெளிப்பட்டது. உள்ளூர்ச் சமூக அமைப்புகள் தவணை செலுத்த வேண்டாம் எனக் கூறவே, பெண்கள் கூட்டாகச் செலுத்த மறுத்தனர். சேர்ந்து கட்டவைத்த அதே ஒற்றுமை, சேர்ந்து நிறுத்தவும் வைத்தது. மறு ஆண்டே ஆந்திரத்தில் பெரும் நெருக்கடி மூண்டது. 2025 பிப்ரவரியில், வற்புறுத்தி வசூலிப்போருக்கு 10 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்தது.

‘குழுக்கடன்’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன. முதல் மரபில் நம்பிக்கை முன்னரே இருந்தது. கடன் அதன்மேல் எழுந்தது. இரண்டாவதில் கடனுக்காகக் குழு கூட்டப்பட்டது. திருப்பிச் செலுத்தும் விகிதத்தை மட்டும் கணக்கிடுபவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தவணை தவறிய வாரத்தில் அண்டைவீட்டுப் பெண் ஆறுதலாக வந்தாளா, வசூலிக்க வந்தாளா என்று கேட்டால்தான் வேறுபாடு புலப்படும்.