முதல் பட்டதாரி

தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என ஒருவர்கூடப் பட்டம் வாங்காத குடும்பத்திலிருந்து கல்லூரிக்குள் நுழையும் மாணவரைத் தமிழ்நாட்டில் ‘முதல் பட்டதாரி’ என்கிறார்கள். வருவாய்த் துறை தரும் சான்றிதழுக்கும் இதுதான் பெயர். 2010–11 கல்வியாண்டு முதல், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளின் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. இதற்குச் சாதி வரம்பு இல்லை.

இந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு காலத்தில் பள்ளி முடித்தவர்கள் புகுமுக வகுப்பான பி.யு.சி. படிக்கவே கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 1978இல் பிளஸ் டூ பள்ளிகளுக்கே வந்ததும் அந்தத் தூரம் குறைந்தது. ஆனால் 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு புகுந்தது. அதற்கான தனிப் பயிற்சி நகரத்தில்தான் கிடைத்தது. அதற்குக் கட்டணமும் வேண்டியிருந்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு ஆராய்ந்த பிறகு, 2006இல் சட்டம் இயற்றி அந்தத் தேர்வை அரசு நீக்கியது. அடுத்த ஆண்டு முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதுமானதாயிற்று.

ஆனால் 2017இல் மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத் தேர்வு கட்டாயமானது. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. நீதிபதி பொ. கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பின், 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது.

சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது.

பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்த மாணவருக்கு, பொறியியல் முதலாண்டின் முதல் வகுப்பே முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. புரியவில்லை என்று எழுந்து கேட்கக் கூச்சம். விளக்கிச் சொல்ல வீட்டிலும் ஆளில்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியிலும் தொடங்கியது. அதே ஆண்டில் அகரம் அறக்கட்டளை ‘விதை’ திட்டத்தைக் கொண்டுவந்தது. தன்னார்வலர்கள் விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே போய் நிலையறிந்து தேர்ந்தெடுப்பார்கள்; படிப்புச் செலவோடு வழிகாட்டுதலும் பயிற்சியும் உண்டு.

பெண்களுக்கான உதவியில் ஒரு பெரிய திருப்பம் 2022இல் நிகழ்ந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்துவந்த திருமண நிதியுதவித் திட்டம், உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியின் வங்கிக் கணக்குக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பேருந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அவள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்கும் இதேபோன்ற ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் தொடங்கியது.

பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடிக்கிறது, அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் நடக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும், கல்விக் கடனுக்கும், சான்றிதழ்களுக்கும் அங்கே ஒரே கூரையின் கீழ் வழிகாட்டுகிறார்கள்.