இணையவழிக் கல்வி, மாற்றுத்திறனாளிகளுக்கான (தமிழ்)

பாடநூல், காணொளி, வலைத்தளம் முதலியவற்றை மாற்றுத்திறனாளிகளும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி அமைக்கும் பணி. தமிழில் இதற்குக் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பகுதி பார்வையற்றோர் வாசிப்பைப் பற்றியதே.

முன்வரலாறு: பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரின் பார்வையற்றோர் பள்ளி 1890இல் தொடங்கியது. ஒன்றோடொன்று ஒவ்வாத பல பிரெய்ல் முறைகள் வழங்கிய இந்தியாவில் 1951இல் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. தென்மாவட்டங்களில் குறிப்பிடத்தக்க அமைப்பு, எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் மதுரையில் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம்.

எழுத்துருக் காலம்: யூனிகோடு தரத்தில் தமிழ் 1991 முதலே உண்டு. ஆயினும் அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களையே கையாண்டன. இவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினியில் அடித்த ‘அம்மா’வை, திரையிலுள்ள உரையைப் பேச்சாக்கும் திரைவாசிப்பான் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வாசித்துவிடும். ஒரு பாடநூல் முழுவதும் இப்படி ஒலித்தால் மாணவர் என்ன செய்வார்? சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்னும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரங்களை முன்வைத்தது. அவை குழப்பத்தைக் குறைத்தன. ஆனால் கேட்டுப் படிப்போரின் சிக்கல் தீரவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்துருவில் கோத்த பிடிஎஃப்கள் அதன் பிறகும் புழங்கின.

திரைவாசிப்பான்: ஆஸ்திரேலியாவின் பார்வையற்றவர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ இருவரும் உருவாக்கிய என்விடிஏ திரைவாசிப்பான் 2006இல் வந்தது. விலையில்லாதது என்பதே இங்கு அதன் பெரும் பயன். உரையைப் பேச்சாக்கும் இஸ்பீக் மென்பொருள் தமிழையும் வாசித்தது, இயந்திரக் குரலில். தமிழ்க் குரலை மேம்படுத்தும் ஆய்வுகள் சென்னை ஐஐடியிலும் எஸ்எஸ்என் கல்லூரியிலும் நடந்தன. பேச்சொலி பிரெய்லுக்கு ஈடாகுமா என்பதில் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. காதால் மட்டும் படிப்பவருக்கு ந, ன வேறுபாடு பிடிபடுவது அரிது. பிரெய்லில் அது விரலுக்கு உடனே தெரியும்.

வருடப்பட்ட நூல்கள்: வருடியபின் எழுத்துணரி (ஓசிஆர்) கொண்டு உரையாக்கப்படாத நூல் திரைவாசிப்பானுக்கு வெறும் படம். எடுத்துக்காட்டாக, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய வத்தலக்குண்டு பி.ஆர். ராஜம் ஐயர் 1898இல் மறைந்தார். அவர் நூலுக்குப் பதிப்புரிமைத் தடை ஏதுமில்லை. அப்படியிருந்தும், வத்தலக்குண்டில் வாழும் பார்வையற்ற மாணவருக்கு அந்நாவலின் வருடிய பக்கங்கள் மட்டும் கிடைத்தால் பயனில்லை. ஆர்வலர்கள் உரையாகவே நூல்களைத் தட்டச்சிட்டு 1998 முதல் வெளியிட்டுவரும் மதுரைத் திட்டம் இவ்வகையில் அருமையான பணி. பார்வையற்றோரை மனத்தில் கொண்டு தொடங்கியதன்று எனினும், அவர்களுக்கு அது பெருங்கொடை. பதிப்புரிமையுள்ள நூல்களை அணுகத்தக்க வடிவில் தருவதற்கு 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடமளித்தது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

செவித்திறன் குறைந்தோர்: பாடநூல்களை இந்தியச் சைகை மொழிக்கு மாற்ற 2020இல் என்சிஇஆர்டி ஒப்பந்தம் செய்தது.

அண்மைக்காலம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) மின்னணு ஊடகங்களில் அணுகல் வசதி வேண்டும் என்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வழக்கு, வாடிக்கையாளரின் அடையாளத்தை இணையவழி சரிபார்ப்பது தொடர்பானது.