நிறுத்திய காரில் ஒரு கைத்துப்பாக்கி

சென்ற ஆண்டு அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர், ஏறக்குறைய என் வயது. ஒரு நாள் அஞ்சல் நிலையத்துக்குப் புறப்பட்டவர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

அஞ்சல் நிலையத்தின் முன்னால் வண்டி நிறுத்தும் இடம் காலியாகத்தான் கிடந்தது. அவர் அதற்குள் போகவில்லை. சற்றுத் தள்ளித் தெருவோரமாக நிறுத்தினார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பிஸ்டலை உருவி, இருக்கைக்கு அடியில் இருந்த சிறிய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டி கம்பி வடத்தால் இருக்கையின் காலோடு கட்டப்பட்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அவரோ காய்கறிப் பையை எடுத்து வைத்தவர் போலச் சாதாரணமாக இறங்கிப் போனார்.

ஆயுள் முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடு கிடந்தவன் நான். ஒருவர் காரணம் சொல்லாமல் ஒரு விதியைக் கடைப்பிடித்தால், அதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கோ ஒரு சாவோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர் திரும்புவதற்குள் இந்த விதிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த நாட்டில் கைத்துப்பாக்கி மனிதனின் இடுப்பில் மட்டுமல்ல, குதிரையின் மேலும் பயணம் செய்தது. 1847ல் ராணுவத்துக்காகச் செய்த வாக்கர் கோல்ட் ரிவால்வரின் எடை இரண்டு கிலோவுக்கும் மேல். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க முடியாது. சேணத்தில் தொங்கும் தோல் உறையில்தான் வைப்பார்கள். அப்படியானால் குதிரையைக் கட்டிவிட்டு ஊருக்குள் போகிறவன் அதை என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது.

அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற வெள்ளிச் சுரங்க ஊர் 1881ல் ஒரு பதில் சொன்னது. ஊருக்குள் வருகிறவர் வந்தவுடன் தம் ஆயுதத்தைக் குதிரை லாயத்திலோ மதுக்கடையிலோ ஒப்படைக்க வேண்டும், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். சினிமாவில் பலமுறை பார்த்த ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை, அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று, இந்த விதிக்குப் பணியாதவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்கப் போனபோது மூண்டதுதான். குதிரை லாயம் என்றால் அந்தக் காலத்து வண்டி நிறுத்துமிடம். ஆக, இந்த வழக்கு அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

குதிரை போய்க் கார் வந்தது. சேண உறையின் இடத்தை, முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் சின்ன அறை பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'புவாத் அ கான்', அதாவது கையுறைப் பெட்டி. கையுறைக்காக வைத்த பெட்டியில் அமெரிக்கர் பலர் பிஸ்டலை வைத்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியும். 1986ல் மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் துப்பாக்கி கொண்டு போகலாம். ஆனால் அதில் தோட்டா இருக்கக் கூடாது, உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டவும் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி கையுறைப் பெட்டியாக இருக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள்.

அடுத்த சண்டை, வண்டி நிற்கும் நிலம் யாருடையது என்பது பற்றியது. 2002ல் ஒக்லஹோமாவில் ஒரு காகித ஆலை, காரில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கியது. ஆலைக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவரவில்லை, வெளியே நின்ற வண்டியில்தான் இருந்தது. 2004ல் அந்த மாநிலம், பூட்டிய காரில் துப்பாக்கி வைப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. என் நிலம், என் விதி என்று நிறுவனங்கள் வழக்காடின. 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது.

அஞ்சல் நிலையத்தின் கதை நேர் எதிர். அங்கே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். கொலராடோவில் ஏவன் என்ற சிற்றூரில் வீட்டுக்குத் தபால் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கம் இல்லை, அஞ்சல் நிலையத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அப்படிப் போகிறவர் துப்பாக்கியைக் காரில் பூட்டிவிட்டாவது போகக் கூடாதா என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2013ல் மாவட்ட நீதிபதி, வண்டி நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2015ல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. அஞ்சல் நிலையத் தடையைப் பற்றிய வழக்குகள் வேறு மாநிலங்களில் இன்னும் நடக்கின்றன. என் பக்கத்து வீட்டுக்காரர் தெருவோரம் நிறுத்தியதன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

இரும்புப் பெட்டியின் காரணம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. 2015 ஜூன் 27 அன்று ஒரு மத்திய அரசுக் காவலர், குடும்பத்தோடு பயணம் போகிற வழியில் அந்த நகரில் காரை நிறுத்தினார். அரசாங்கம் கொடுத்த பிஸ்டல் ஒரு பையில், வண்டிக்குள்ளேயே இருந்தது. யாரோ கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, கடற்கரை மேடையில் தகப்பனாரோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருத்தி அந்தத் துப்பாக்கியின் குண்டு பட்டு இறந்தாள். அது யார் கைக்கு வந்ததோ அவர், தெரியாமல் வெடித்துவிட்டது என்றார். 2017ல் ஜூரி அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தேசம் முழுவதும் அந்த ஆளைப் பற்றியே பேசியது. காரில் விட்டுப்போன பையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ஆனால் கலிபோர்னியா அதைக் கவனித்தது. 2017 ஜனவரி முதல், ஆள் இல்லாத வண்டியில் கைத்துப்பாக்கி இருந்தால் டிக்கியில் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். போலீஸ்காரருக்கும் இதுதான் விதி. கொலராடோவில் இதைப் போன்ற சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கெட்டியான பெட்டி, அதற்குப் பூட்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது, கார்க் கதவும் பூட்டியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், யாரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. உரிமம் இல்லாதவனுக்குத் துப்பாக்கி இல்லை. அங்கே அந்தக் கேள்வி கிட்டத்தட்ட முடிந்துபோன ஒன்று. அதனால், உன் கையில் இல்லாத நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்ற இரண்டாவது கேள்வியோடு நூற்று நாற்பது ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் படித்ததையெல்லாம் சொன்னேன். புதுச் சட்டம் வந்ததால்தானே பெட்டி வாங்கினீர்கள் என்று கேட்டேன். இல்லை என்றார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் போய்வந்தாராம். கண்ணாடி உடைந்து கிடந்தது. கையுறைப் பெட்டியில் இருந்த பிஸ்டலைக் காணோம். போலீஸில் எழுதிக்கொடுத்தார், இன்றுவரை அது கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் எங்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தாலும், எந்த வகைத் துப்பாக்கி என்று தெரியும்வரை தொலைக்காட்சியை அணைக்க மாட்டாராம்.

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.